உங்களுடன் பயணம் செய்யாத ஒருவர்

வியாழன் இரவு பதினொன்று நாற்பது.
நாளை மாலை ஆறு மணிக்குக் கிளம்பும் கப்பல்
சட்டென்று பாதி விலைக்கு இறங்கியிருந்தது,
சாயங்காலத்து மீனைப்போல.

தாணு லேப்டாப்பை இஸ்திரி மேசைமேல் வைத்திருந்தான்.
பாதி தேய்த்த சீருடைச் சட்டை
ஒரு கையைத் தொங்கவிட்டுக் கிடந்தது.
மூன்று இரவு. தோஹா, பிறகு பஹ்ரைன்.
நாலு பேருக்கு ஓர் அறை.
"ஜன்னல் கிடையாது" என்றேன்.
"கராமாவுல நாம இருந்த அறைக்கு இருந்துதா?" என்றான்.

இல்லை.
பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினால்
இந்தப் பக்கம் எனக்குத் தொண்டை கமறும்.

ஜனவரிக் கட்டணத்துக்கென்று எடுத்த சீட்டுப் பணம்
ஒன்பது நாளாக வங்கியில் உட்கார்ந்திருக்கிறது.
நான் அதைப் பற்றிப் பேசவில்லை.
அவனும் பேசவில்லை.
இப்படித்தான் நாங்கள் சம்மதித்தோம்.

திரையின் ஓரத்தில் சிவப்பாய் ஒரு கடிகாரம்:
எட்டு நிமிடம் பன்னிரண்டு விநாடி.
பெயர், பாஸ்போர்ட்டில் உள்ளபடி.
தாணுமாலயன் கட்டத்துக்குள் அடங்கிவிட்டான்,
அவன் அப்பா நாராயணப்பெருமாள்
பெருமாவோடு முட்டி நின்றார்.
சின்னவள் பாஸ்போர்ட் முடிய
ஆறு மாதமும் பதினோரு நாளும்.
விரல் விட்டு எண்ணினோம், இரண்டு தரம்.
தப்பித்தோம்.

அதற்கும் கீழே, கடைசிக் கட்டம்:
அவசரத்துக்குத் தொடர்புகொள்ள
இந்த நாட்டில் வசிக்கும்,
உங்களுடன் பயணம் செய்யாத ஒருவர்.

எனக்கு ஏதாவது என்றால் தாணு.
தாணுவுக்கு என்றால் நான்.
பிள்ளைகளுக்கு நாங்கள் இரண்டு பேரும்.
பதினான்கு வருடத்துப் பட்டியல் மொத்தமும்
அந்த ஜன்னலில்லாத அறைக்குள் ஏறிவிட்டிருந்தது.

போனை உருட்டினேன்.
ஏசி பாபு. தண்ணி கேன்.
ஸ்கூல் வேன் பழசு. ஸ்கூல் வேன் புதுசு.
சீட்டு அக்கா (கடவுளே, வேண்டாம்).
மேனேஜர். அவரிடம் ஞாயிற்றுக்கிழமைக்குக் காய்ச்சல் என்று
இனிமேல்தான் சொல்ல வேண்டும்.
ஜோஸ்லின். போன ஜூனில் கனடா போய்விட்டாள்,
எண் மட்டும் இன்னும் ஷார்ஜாவில் இருக்கிறது.

மூன்று நிமிடம் நாற்பது.

"மொய்து" என்றான் தாணு.
கீழே பகாலா மொய்து.
முதல் மணியிலேயே எடுத்தான்.
"முட்டையா சேச்சி? கடை அடைச்சல்லோ."
"முட்டை இல்ல மொய்து, உங்க பேர் வேணும். முழுப் பேர்."
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
பிறகு, விசா அலுவலகத்தில் நிற்பவனைப்போல
வீட்டுப் பேர், வாப்பா பேர், தன் பேர்
ஒவ்வொன்றாய்ச் சொன்னான்.

உறவுமுறை என்று ஒரு பட்டியல் கீழே விழுந்தது.
தந்தை. தாய். உடன்பிறந்தவர். நண்பர். மற்றவை.
தாணு மற்றவையில் அம்பை நிறுத்தினான்.
நான் அவன் கையைத் தள்ளி
ஒரு வரி மேலே ஏற்றினேன்.

மறுநாள் மதியம்
லிஃப்டிலேயே நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்ட பெரியவன்,
சக்கரம் சிக்கிய பெட்டி,
வாசலில் டாக்ஸி.
மொய்து மூன்று எலுமிச்சை கொண்டுவந்தான்.
"குமட்டினா மணத்தா மதி."
காசு வாங்கவில்லை. கணக்கிலும் எழுதவில்லை.
ஆனால் கணக்கு நோட்டைக் கையோடு எடுத்து வந்திருந்தான்.
எங்கள் பக்கத்தைத் திருப்பினான், 407,
முட்டை ஒன்றரைத் தட்டு, குப்பூஸ், டெட்டால்.
காதிலிருந்த பேனாவை உருவினான்.

"ஒந்நும் வராது. எங்கிலும் சேச்சி,
என்னெங்கிலும் வந்நா
ஞான் ஆரை விளிக்கணும்?"

டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார்.
மனப்பாடமாய்த் தெரிந்த ஒரே எண்ணைச் சொன்னேன்.
டெட்டாலுக்குக் கீழே நிதானமாய் எழுதினான்,
ஒருமுறை வாய்க்குள் படித்தான்.

"சேச்சி, இது சேச்சியுடெ நம்பரல்லே."

மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.
இருக்கட்டும் மொய்து என்றேன்.